கதை மேடையில் படுத்துவிடுகிறதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்க ஒரு வழிமுறை

கதை சொல்லும் நிகழ்ச்சி சொதப்பினால் எல்லோரும் முதலில் குரலைத்தான் சந்தேகப்படுவார்கள். குரலை ஏற்றி இறக்கப் பழகு, முகபாவம் காட்டு, கையை ஆட்டு என்று அறிவுரை குவியும். ஆனால் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். எந்தக் கதையை எடுத்தோம், அதன் எந்த வடிவத்தை எடுத்தோம், பையில் எதைப் போட்டோம் என்ற இடத்தில்தான் தேட வேண்டும்.

கீழே அறிகுறிகளும், ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்ப்பது என்பதும் உள்ளன. உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். ஒன்று மட்டும் கவனம்: ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கதை, பொம்மை, வரிசை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அறிகுறி: நிறையக் கதை படித்தாயிற்று, எதை எடுப்பது என்று பிடிபடவில்லை

படிக்கப் பிடித்த கதையும் சொல்லப் பிடித்த கதையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சில கதைகளின் அழகு முழுக்க வருணனையிலும் பாத்திரத்தின் மனவோட்டத்திலும் இருக்கும். வாயால் சொல்லும்போது அது கரைந்துபோகும். ஆகவே முதல் சோதனை இது: புத்தகத்தை மூடி வையுங்கள். மறுநாள் யாரிடமாவது அந்தக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். உங்கள் வாயில் மிஞ்சியதுதான் கதை. 'அது வந்து... படிச்சாத்தான் புரியும்' என்று நீங்களே இழுத்தால் அந்தக் கதையை விட்டுவிடலாம்.

இரண்டாவது, பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஆக்செல் ஓல்ரிக், வாய்மொழிக் கதைகளுக்குப் பொதுவான சில விதிகளை 1909ல் எழுதிவைத்தார். ஒரு காட்சியில் இரண்டு பேர்தான் செயல்படுவார்கள், முக்கியமானது மூன்று முறை நிகழும், கடைசியில் வருபவரிடம் கதையின் கனம் இருக்கும் என்பவை அவற்றில் சில. விதி என்றதும் மிரள வேண்டாம். கேட்பவருக்குப் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்க வழியில்லை என்பதை நினைத்தால் இவை எல்லாமே தானாக விளங்கும். ஒரே காட்சியில் நான்கு பேர் மாறி மாறிப் பேசும் கதையைக் காதால் பின்தொடர்வது கஷ்டம். அப்படி ஒரு கதையை எடுத்தே தீர வேண்டுமென்றால், நான்கு பேரில் இருவரைப் பேசாதவர்களாக்கிவிடுங்கள்.

மூன்றாவது, கதைக்குள் கதை இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சதந்திரத்தில் இது அடிக்கடி வரும். குரங்கும் முதலையும் கதைதான் அதன் நான்காம் பகுதிக்குச் சட்டகம். அந்த இருவரும் பேசிக்கொள்ளும்போதே வேறு கதைகள் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். படிக்கும்போது அது சுகம். மேடையில் கிளைக்கதைகளை எல்லாம் கழற்றிவிட்டு, மரம், ஆறு, முதலையின் முதுகு, மறுபடி மரம் என்று நேராகப் போனால்தான் நிற்கும்.

இவ்வளவும் தேறிய பிறகும் ஒரு கதை உங்கள் வாய்க்கு வரவில்லையென்றால் காரணம் தேடாதீர்கள். சில கதைகள் சிலரிடம் வேலை செய்வதில்லை, அவ்வளவுதான்.

அறிகுறி: பாதியில் மறந்துபோகிறது

இது வந்தால் நினைவாற்றலைக் குறை சொல்லாதீர்கள். வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். மனப்பாடம் செய்த உரையில் ஒரு வாக்கியம் நழுவினால் அதற்கு அடுத்தது எதுவும் வராது, ஏனென்றால் ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதன் வாலைப் பிடித்துத்தான் வந்துகொண்டிருந்தது.

பதிலாகக் கதையின் எலும்பை மட்டும் எடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த சிங்கமும் முயலும் கதையையே பிரித்துப் பார்ப்போம்:

சிங்கம் கண்டபடி வேட்டையாடுகிறது. தினமும் ஒரு விலங்கை அனுப்புவதாக ஒப்பந்தம். முயலின் முறை வருகிறது. முயல் வேண்டுமென்றே தாமதமாகப் போகிறது. சிங்கம் கொதிக்கிறது. 'வழியில் இன்னொரு சிங்கம் மறித்தது' என்கிறது முயல். கிணறு. தண்ணீரில் பிம்பம், கர்ஜனைக்கு எதிரொலி. பாய்ச்சல்.

ஒன்பது எலும்பு. ஒரு சின்ன அட்டையில் அடங்கிவிடும். இப்போது இவற்றில் எதை மறந்தால் கதையே உடையும் என்று பாருங்கள். ஒப்பந்தத்தைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் தாமதம் இல்லாவிட்டால் கோபம் இல்லை, கோபம் இல்லாவிட்டால் சிங்கம் தன் பிம்பத்தையே எதிரியென்று நம்பாது. ஆக, கதவு திரும்பும் கீல்போல இந்தக் கதைக்குத் தாமதம்தான் கீல். அட்டையில் அதை மட்டும் சிவப்பு மையால் எழுதிக்கொள்ளுங்கள். ஒத்திகையில் எந்த இடத்தில் தடுமாறினாலும் கவலை இல்லை, கீலை மட்டும் தவறவிடாமல் பழகுங்கள்.

மனப்பாடம் அறவே கூடாது என்பதில்லை. முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், திரும்பத் திரும்ப வரும் வரி ஆகிய மூன்றும் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும். முதல் வாக்கியம் படபடப்பைத் தாண்ட உதவும். கடைசி வாக்கியம் தயாராக இல்லாதவர்கள்தான் 'அப்புறம்... அவ்வளவுதான் கதை' என்று முடிப்பார்கள். திரும்ப வரும் வரி ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருந்தால்தான் கேட்பவர்கள் கூடச் சேர்ந்து சொல்வார்கள்.

பெயர்கள் மட்டும் மறந்துபோகிறதென்றால் பெயர்களை எடுத்துவிடுங்கள். மூத்தவள், நடுவிலவள், இளையவள் என்றாலே போதும். நாட்டார் கதைகள் பெரும்பாலும் அப்படித்தான் பிழைத்து வந்திருக்கின்றன.

அறிகுறி: நேரம் தப்புகிறது

ஒத்திகையில் பத்து நிமிடம் வந்த கதை மேடையில் ஆறு நிமிடத்தில் முடிந்தால் நீங்கள் ஓடியிருக்கிறீர்கள். அதே கதை பதினாறு நிமிடம் போனால் சிரிப்புக்கும் பதிலுக்கும் இடம் விடாமல் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். அடுத்த ஒத்திகையில் 'யார் வந்தது தெரியுமா?' என்று கேட்டுவிட்டு, வெறும் சுவரைப் பார்த்துத்தான் என்றாலும், பதில் வருமளவுக்குக் காத்திருங்கள். அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். செய்யுங்கள்.

இதைவிட உறுதியான வழி, ஒவ்வொரு கதையிலும் விரியும் இடம் ஒன்றை முன்கூட்டியே குறித்துக்கொள்வது. மேலே சொன்ன சிங்கக் கதையில் அது முயலுக்கு முந்தைய நாட்கள். நேரம் இருந்தால் மான் போனது, காட்டுப்பன்றி போனது, நரி சாக்குச் சொல்லிப் பார்த்தது என்று மூன்று விலங்குகளை அனுப்பலாம். நேரம் இல்லாவிட்டால் 'ஒவ்வொருவராகப் போய் முடிந்து, முயலின் முறை வந்தது' என்று ஒரே வரி. அதே கதை, அதே முடிவு. நான்கு நிமிடத்திலும் சொல்லலாம், பன்னிரண்டு நிமிடத்திலும் சொல்லலாம். இறுதியை மட்டும் ஒருபோதும் சுருக்காதீர்கள். கிணற்றடியில் அவசரப்பட்டால் அதுவரை சொன்னது அத்தனையும் வீண்.

முக்கால் மணி நேர நிகழ்ச்சிக்கு அரைமணி நேரக் கதை போதும். மீதியை வரவேற்பும், இடம் மாறி உட்காருவதும், கேள்விகளும் தின்றுவிடும். பையில் மூன்று நிமிடக் கதை ஒன்று எப்போதும் உபரியாக இருக்கட்டும்.

அறிகுறி: பொம்மையைப் பார்க்கிறார்கள், கதையைக் கேட்பதில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆசை ஆசையாகப் பொம்மை, முகமூடி, படம், துணி, மணி என்று சேர்த்துவிடுவோம். நிகழ்ச்சி முடிந்ததும் குழந்தைகள் ஓடிவந்து பொம்மையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

முதலில், பொருள்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது இல்லாமல் கதை புரியாதா? முயலுக்கு முயல் பொம்மை தேவையில்லை. முயல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியாது? ஆனால் கேட்பவர்கள் பார்த்தே இராத ஒரு பழைய கருவி கதையில் முக்கியமாக வருகிறதென்றால், அதை ஒருமுறை காட்டுவது ஐந்து வாக்கிய விளக்கத்தை மிச்சப்படுத்தும். சொன்னதையே மறுபடி காட்டும் பொருள்களை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்து, ஒரே பொருள் பல வேலை செய்யுமா என்று பாருங்கள். இரண்டு மீட்டர் நீல நிறத் துணி ஒன்று போதும். தரையில் விரித்தால் ஆறு, தோளில் போட்டால் ராஜா, சுருட்டி இடுக்கிக்கொண்டால் குழந்தை, வட்டமாகப் பிடித்தால் கிணறு. தத்ரூபமான பொம்மையைவிட இப்படிப்பட்ட துணிக்குக் கேட்பவர்கள் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும், அந்த உழைப்பில்தான் அவர்கள் கதைக்குள் வருகிறார்கள். வண்ணம் அழுத்தமாக, பூ வேலைப்பாடு எதுவும் இல்லாமல் இருக்கட்டும். பளபளக்கும் துணி விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். கசங்கினால் கோடு விழும் துணியும் வேண்டாம்.

பொம்மை இருந்தே ஆக வேண்டும் என்றால், அது வெளியே வரும் நேரத்தையும் உள்ளே போகும் நேரத்தையும் கதை அட்டையில் குறித்துவையுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே மேஜையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பொம்மைகள் கதையின் முடிவைக் காட்டிக்கொடுக்கும். மூடிய பெட்டியிலிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் அதே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கைப்பொம்மை உயிரில்லாமல் தெரிகிறதென்றால் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, பொம்மை பேசும்போது நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள்? நீங்கள் பொம்மையைப் பார்த்தால் அரங்கமும் அதைப் பார்க்கும். நீங்கள் அரங்கத்தைப் பார்த்தால் பொம்மை வெறும் துணிதான். இரண்டு, வாய். புதிதாகப் பழகுபவர்கள் பேச்சு வரும்போது பொம்மையின் வாயை மூடுவார்கள், வார்த்தையைக் கடித்துத் தின்பதுபோல இருக்கும். ஒவ்வொரு அசைக்கும் வாய் திறக்க வேண்டும், அதுவும் கட்டைவிரல் பக்கம் கீழே இறங்க வேண்டும். மேல்தாடையைத் தூக்கினால் பொம்மை ஒவ்வொரு சொல்லுக்கும் வானத்தைப் பார்க்கும். கண்ணாடி முன்னால் 'அ... ஆ... இ' என்று சொல்லிப் பழகுங்கள்.

அறிகுறி: பின்வரிசையில் உள்ளவர்களுக்குப் படம் தெரியவில்லை

கணக்கே சொல்லிவிடும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். அதை 6 மீட்டர் தொலைவில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது, கையை நீட்டி ஒரு தபால்தலையைப் பிடித்துப் பார்ப்பதற்குச் சமம். அதில் நீங்கள் மூன்று விலங்குகளையும் ஒரு காட்டையும் வரைந்திருந்தால் பச்சையாக ஏதோ தெரியும்.

படத்தைப் பெரிதாக்குவதற்கு முன் படத்தில் உள்ளதைக் குறையுங்கள். ஒரு தாளுக்கு ஓர் உருவம், கறுப்பில் தடித்த வெளிக்கோடு, பின்னணி வெறுமை. உருவத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் ஒன்றோடொன்று மோத வேண்டும். மஞ்சள் பின்னணியில் ஆரஞ்சு நிறச் சிங்கம் காணாமல் போய்விடும். சோதிக்க ஒரு சுலப வழி: படத்தைச் சுவரில் மாட்டி, பின்வரிசைத் தூரத்திலிருந்து செல்பேசியில் புகைப்படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதிலும் உருவம் பிரிந்து தெரிந்தால் தேறிவிட்டது.

படத்தாள்களை மாற்றும்போது தடுமாறுகிறீர்கள், உரை எந்தத் தாளில் இருக்கிறது என்று தேடுகிறீர்கள் என்றால், ஜப்பானியத் தெருக்கதைசொல்லிகளின் உத்தியைக் கடன் வாங்குங்கள். காமிஷிபாய் என்னும் படத்தாள் நாடகம் 1930களில் அங்கே பரவலானது. சைக்கிளின் பின்னால் மரச்சட்டம், அதற்குள் படத்தாள் அடுக்கு. முன்னால் இருக்கும் தாளைப் பக்கவாட்டில் உருவி அடுக்கின் கடைசியில் செருகுவார்கள். உருவிய தாளின் முதுகு இப்போது கதைசொல்லியை நோக்கி இருக்கும். ஆகவே இரண்டாம் படத்துக்கான உரை முதல் தாளின் முதுகிலும், மூன்றாம் படத்துக்கானது இரண்டாம் தாளின் முதுகிலும் இருக்கும். முதல் படத்தின் உரை கடைசித் தாளின் முதுகில். இதைச் செய்ய மரச்சட்டம் வேண்டியதில்லை, கெட்டி அட்டைகள் போதும். தாளின் மூலையில் எண் எழுத மறக்காதீர்கள், அடுக்கு கைதவறி விழுந்தால் அதுதான் காப்பாற்றும்.

உருவுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மெதுவாக உருவினால் அடுத்த படம் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும், பயம் கூடும். சட்டென்று உருவினால் அதிர்ச்சி. பாதி உருவி நிறுத்திவிட்டுப் பேசவும் செய்யலாம். கதையைத் தாள்களாகப் பிரிக்கும்போதே, எந்தப் படம் எப்படி வெளிப்பட வேண்டும் என்று யோசித்து வரையுங்கள்.

அறிகுறி: நிழல் உருவம் மங்கலாக விழுகிறது

விளக்கு அகலமாக இருக்கிறது. குழல்விளக்கும், வெண்ணிற உறை போட்ட பெரிய பல்பும் விளிம்பைக் கரைத்துவிடும். செல்பேசியின் டார்ச்போல ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும். உருவத்தைத் திரைக்கு ஒட்டிப் பிடித்தால் கூர்மை, விளக்குப் பக்கம் கொண்டுபோனால் பெரிதாகி மங்கும். பூதம் வளரும் காட்சிக்கு அந்த மங்கலையே வேண்டுமென்றே பயன்படுத்தலாம்.

அறிகுறி: 'இந்தக் கதை எனக்குத் தெரியுமே!' என்று முன்வரிசையிலிருந்து குரல்

கதையை மாற்றத் தேவையில்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள்: 'சரி, அப்படியானால் நான் சரியாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொள். முடிவை மட்டும் பக்கத்தில் யாருக்கும் சொல்லிவிடாதே.' ரகசியம் காப்பது பெரிய பதவி.

இது அடிக்கடி நடந்தால், நீங்கள் எடுக்கும் வடிவம் மிகவும் புழங்கியது என்று அர்த்தம். அதே கதையின் வேறு முகத்தைத் தேடுங்கள். இதற்கு நல்ல கருவி ஒன்று உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த ஆன்டி ஆர்னே 1910ல் நாட்டார் கதைகளை வகை பிரித்து எண் கொடுத்தார். அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் 1928லும் 1961லும் அதை விரிவாக்கினார். ஜெர்மானியரான ஹன்ஸ் யோர்க் ஊதர் 2004ல் திருத்தி வெளியிட்டார். மூவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏடியு (ATU) எண் என்பார்கள். பிம்பத்தின் மேல் பாயும் சிங்கம் ஏடியு 92. குரங்கின் இதயத்தைக் கேட்டு வரும் முதலை 91. குழந்தையைக் காத்த கீரியை அவசரப்பட்டுக் கொன்ற கதை 178ஏ. இந்த எண்ணைப் போட்டுத் தேடினால், அதே எலும்பு வேறு நாட்டில் வேறு விலங்கோடு எப்படி நடமாடுகிறது என்று கிடைக்கும். முதலைக்குப் பதில் கடலாமை வரும் வடிவம்கூட உண்டு. கதையைத் தெரியும் என்று சொன்ன குழந்தையே வாயைப் பிளந்து கேட்கும்.

அறிகுறி: பயந்து அழுகிறார்கள், அல்லது முடிவைக் கேட்டு முகம் சுளிக்கிறார்கள்

எந்த வடிவத்தைப் படித்தீர்கள் என்று முதலில் பாருங்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1697ல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ வெளியிட்ட வடிவத்தில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது. கதை அங்கேயே முடிகிறது, காப்பாற்ற யாரும் வருவதில்லை. 1812ல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டதில் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் மீட்கிறான். அதே சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் கதையில் 1812 பதிப்பில் பெற்ற தாயே மகளைக் கொல்லப் பார்க்கிறாள். 1819 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிடுகிறாள். ஆக, 'மூலக்கதையை மாற்றலாமா?' என்று கையைப் பிசைய வேண்டாம். தொகுத்தவர்களே மாற்றித்தான் வந்திருக்கிறார்கள்.

அதற்காகப் பயத்தை முழுக்க வழித்தெடுத்துவிடாதீர்கள். ஓநாய் நல்ல ஓநாயாகி எல்லோரும் கைகோத்துப் பாடினால் அது கதையே இல்லை, எனக்கு அந்த வகைத் திருத்தங்கள் மேல் எரிச்சல்தான் வரும். பயத்தின் அளவைப் பொருளாலும் வெளிச்சத்தாலும் சரிசெய்யலாம். சின்னக் குழந்தைகள் இருந்தால் அறையை இருட்டாக்காதீர்கள், முகமூடியை முகத்தில் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு பேசுங்கள். ஓநாய் கையிலும் உங்கள் சொந்த முகம் அதன் பக்கத்திலும் இருக்கும்வரை குழந்தைக்குத் தப்பிக்க வழி இருக்கிறது. ஏற்கெனவே அழத் தொடங்கிவிட்டால், முகமூடியைத் திருப்பி அதன் வெறும் அட்டை முதுகைக் காட்டிவிட்டுக் கதையைத் தொடருங்கள்.

அறிகுறி: மூன்று வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே கூட்டத்தில்

நடுத்தரமாக ஒரு கதையைத் தேடினால் இரண்டு பக்கமும் சலித்துவிடும். சிறியவர்களுக்கான கதையை முதலில் வையுங்கள், சங்கிலிக் கதையாக. ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி கூடி, முழு வரிசையும் திரும்பச் சொல்லப்படும் வகை. ஏடியு பட்டியலில் 2000 முதல் 2100 வரை இவைதான். பெரிய பிள்ளைகளை அதில் உதவியாளர்களாக்குங்கள், ஆளுக்கொரு கண்ணியைச் சத்தமாகச் சொல்வது அவர்கள் பொறுப்பு. சின்னவர்களின் கவனம் கரையத் தொடங்கும் நேரத்தில் பெரிய பிள்ளைகளுக்கான கதை ஆரம்பிக்கட்டும். அந்த நேரத்தில் மடியில் தூங்குபவர்கள் தூங்கட்டும், பரவாயில்லை.

அறிகுறி: கூடச் சொல்லச் சொன்னால் யாரும் வாயைத் திறப்பதில்லை, அல்லது திறந்த வாயை மூடுவதில்லை

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று நீங்கள் காட்டவில்லை.

சிங்கக் கதையில் கூட்டம்தான் கிணறு என்று வைத்துக்கொள்வோம். கிணற்றடிக்கு வந்த பிறகு எதிரொலியைக் கற்றுக்கொடுத்தால் காட்சி செத்துவிடும். கதை தொடங்கும் முன்பே விளையாட்டாகப் பழக்குங்கள். நீங்கள் 'யாரது?' என்றால் அவர்கள் கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில் 'யாரது?' என்க வேண்டும். உள்ளங்கையை மேலே தூக்கினால் ஒலி, மூடினால் அமைதி. இரண்டு தடவை போதும். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். கிணற்றுக்கு வந்து, குனிந்து, 'யாரது?' என்று உறுமிவிட்டு உள்ளங்கையைத் தூக்கினால் அரங்கமே பதில் சொல்லும்.

பெரியவர்கள் மட்டும் உள்ள கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள். விரலால் தொடையில் தட்டும் மழைச்சத்தம் மாதிரி ஏதாவது கேளுங்கள், செய்வார்கள்.

அறிகுறி: தனித்தனியாக நல்ல கதைகள், சேர்த்துச் சொன்னால் சலிக்கிறது

ஒவ்வொரு கதைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யார் ஜெயிக்கிறார், எதனால் ஜெயிக்கிறார், முடிவில் சிரிப்பா கனமா, எனக்கு எத்தனை கைகள் வேண்டும். வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கோளாறு கண்ணில் அறையும். சிறிய விலங்கு தந்திரத்தால் பெரிய விலங்கை வெல்லும் கதை மூன்று வரிசையாக இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு, தந்திரக்காரரே தோற்கும் கதையோ, தந்திரமே இல்லாமல் நேர்மையால் பிழைக்கும் கதையோ ஒன்றை நடுவில் நுழையுங்கள். கீரிக் கதை மாதிரி கனமானதை இறுதியில் வைக்க வேண்டாம், இறுதிக்கு முந்தையதாக வையுங்கள். அது முடிந்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாமல் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்.

கைகள் எத்தனை என்ற கட்டம் வேடிக்கைக்காகச் சொன்னதில்லை. ஒரு கையில் மைக், மறு கையில் பொம்மை என்றால் படத்தாளை எந்தக் கையால் மாற்றுவீர்கள்? கையில் பிடிக்கும் மைக்தான் கிடைக்கும் என்று தெரிந்தால் ஸ்டாண்ட் கேளுங்கள், அதுவும் இல்லாவிட்டால் அன்று ஒரு கைக் கதைகளை மட்டும் எடுங்கள். சட்டையில் குத்தும் மைக் கிடைத்தால் துணியை மார்போடு சேர்த்து அணைக்கும் காட்சிகளை மாற்றுங்கள், உரசும் சத்தம் முழு அரங்கத்துக்கும் கேட்கும்.

அறிகுறி: தேடும்போது பொருள் கையில் அகப்படுவதில்லை

பொருள்களை வகைவாரியாக அடுக்கியிருப்பீர்கள், பொம்மை எல்லாம் ஒரு பையில், துணி எல்லாம் ஒரு பையில் என்று. கதைவாரியாக அடுக்குங்கள். ஒரு கதைக்கு ஒரு துணிப்பை, அதன் கழுத்தில் கதை அட்டை. பைக்குள் கடைசியில் தேவைப்படுவது அடியில், முதலில் தேவைப்படுவது மேலே. இரண்டு கதைக்கும் அதே துணி வேண்டுமென்றால் இரண்டு துணி வாங்கிவிடுவது நல்லது. தனியாக ஒரு சின்னப் பையில் கத்தரிக்கோல், டேப், ஊக்கு, கிளிப், தடித்த மார்க்கர், தண்ணீர் பாட்டில். மின்சாரம் வேண்டிய எதுவாக இருந்தாலும், அது இல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது எப்படி என்று ஒருமுறையாவது ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்ற குழப்பம்

காலங்காலமாக வாய்வழி வந்த கதையின் எலும்பு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு எழுத்தாளர் அதை மறுபடி எழுதியிருந்தால் அவருடைய வாக்கியங்களும், அவர் புதிதாகச் சேர்த்த பாத்திரங்களும் அவருடையவை. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி பதிப்புரிமை குறைந்தபட்சம் எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கும். நாட்டுக்கு நாடு இது 60, 70 என்றும் இருக்கும். படங்களுக்குத் தனி உரிமை உண்டு என்பதை மறந்துவிட்டு, படக்கதைப் புத்தகத்தைப் பெரிதாக நகலெடுத்து மேடையில் காட்டுபவர்கள் பலர். பாதுகாப்பான வழி, ஒரு கதையின் மூன்று நான்கு பழைய வடிவங்களைப் படித்து எலும்பை எடுத்து, சதையை நீங்களே வைப்பது. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் கதை என்றால் எழுதிக் கேளுங்கள். மேடையில் பெயரைச் சொல்லிவிட்டால் அனுமதி கிடைத்ததாக ஆகாது.

அறிகுறி: அழைத்தவர்கள் தலைப்புக் கொடுத்துவிட்டார்கள், பொருத்தமான கதையே இல்லை

'நேர்மை', 'தண்ணீர் சேமிப்பு' என்று ஏதாவது வரும். நீதியைத் தேடிக் கதையைப் பிடித்தால் பிரசங்கம்தான் கிடைக்கும். தலைப்பில் உள்ள பொருளை வைத்துத் தேடுங்கள். தண்ணீர் என்றால் கிணறு, ஆறு, மழை வரும் கதைகள். நம் சிங்கக் கதையிலேயே கிணறு இருக்கிறது, முதலைக் கதையில் ஆறு இருக்கிறது. இரண்டும் தண்ணீர் சேமிக்கச் சொல்லவில்லைதான். ஆனால் அவற்றுக்கு நடுவே அழைத்தவர்கள் இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளட்டும், தலைப்பும் தேறிவிடும், கதையும் தப்பித்துவிடும்.

அறிகுறி: நன்றாகப் போய்க்கொண்டிருந்த கதை திடீரென்று சப்பென்று இருக்கிறது

பலமுறை சொல்லி, சிரிப்பு எங்கே வரும் என்று தெரிந்துபோய், அந்த இடத்துக்கு விரைந்துகொண்டிருப்பீர்கள். பொருள்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறுங்கையோடு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதிலும் உயிர் வராவிட்டால் வேறொரு பாத்திரத்தின் கண்ணிலிருந்து தொடங்குங்கள். முயலை வழியனுப்பிவிட்டு புதருக்குப் பின்னால் காத்திருக்கும் மற்ற விலங்குகளிடமிருந்து, உதாரணமாக. அதுவும் பலிக்கவில்லையா? அந்தப் பையை அலமாரியில் ஏற்றிவிட்டு, கொஞ்ச காலம் வேறு கதையைச் சொல்லுங்கள்.